கீறல் பார்க்க வந்தவர்

விலைமதிப்பற்றது என்று ஊரே சொன்ன அந்த முத்தின் விலை நாற்பது லட்சம். விலையே இல்லாத பொருளுக்கும் எங்காவது ஒரு மூலையில் விலை எழுதித்தான் இருக்கும். இதற்கு இன்சூரன்ஸ் பாலிசியின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தது.

பிற்பகல் மூன்றரை மணிக்கு, அந்த முத்து இருக்கவேண்டிய வெல்வெட் பெட்டியில் ஓர் அந்துருண்டை இருந்தது.

வெள்ளை மோட்டார் படகு அப்போதுதான் துறைமுகத்தின் மிதவை மேடையை ஒட்டி வந்து நின்றிருந்தது. கரையில் கால் வைக்குமுன் பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்வது முத்து வியாபாரியின் பழக்கம். காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே ஏதோ உருண்டது. திறந்தார். பெட்டியை மூக்கருகே கொண்டுபோனார்.

"மாப்பிள்ளை, துணி அலமாரி வாசம் வருதே!" என்று அலறினார்.

படகில் இருந்தது மூன்றே பேர். வியாபாரி ஒருவர். அவருடைய மாப்பிள்ளை ஒருவர், பல் டாக்டர். கடலைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும், ஆனால் மாமனார் கூப்பிட்டு வராமல் இருந்தால் வீட்டில் அதைவிட அதிகமாகக் குமட்டும். மூன்றாவது ஆள் படகோட்டி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய லைசென்ஸில் மட்டும்தான் இருந்தது. துறை முழுக்க அவர் 'சுக்கான்'.

வியாபாரியின் விரல் சுக்கானை நோக்கி நீண்டது.

"இவன்தான். நான் தூங்கிட்டிருந்தப்போ என் தலைமாட்டுல கை வெச்சது இவன்தான். இத்தனை வருஷம் என் சோத்தைத் தின்னுட்டு!"

சுக்கான் கையில் கயிறு பாதி சுற்றியபடி நின்றது. "முதலாளி, நானா?" என்றார் அவர்.

துறைமுக இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு உடனே வந்தார். மூவரில் ஒருவரும் படகைவிட்டு இறங்கவில்லை என்று மேடைக் காவலாளி சத்தியம் செய்தான். "முதல்ல என்னைச் சோதிங்க சார்" என்று வியாபாரியே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். மூவரையும் மடிப்பு, தையல், செருப்பு என்று ஓர் இடம் விடாமல் தடவிப் பார்த்தார்கள். வாயையும் திறக்கச் சொன்னார்கள். பல் டாக்டரின் வாயைக் கான்ஸ்டபிள் டார்ச் அடித்துப் பார்த்து, "பின்னாடி ஒரு சொத்தை இருக்கு சார்" என்று மட்டும் தகவல் சொன்னார்.

முத்து இல்லை.

படகைக் கவிழ்க்காத குறையாகத் தேடினார்கள். மெத்தை, எண்ணெய் டின், குடிநீர்த் தொட்டி, தீயணைப்பு உருளை. பிறகு இன்ஸ்பெக்டரின் பார்வை படகின் இடப்பக்கம் போனது. அங்கே கைப்பிடிக் கம்பியிலிருந்து கயிற்றில் நான்கு ஃபெண்டர்கள் தொங்கின. காற்றடைத்த வெள்ளை ரப்பர் உருளைகள். படகு மேடையில் இடிக்காமல், நடுவில் நின்று அடிவாங்கிக்கொள்பவை. துறைக்காரர்கள் அவற்றைத் 'தலகாணி' என்பார்கள்.

"உள்ளே காலி இடம்!" என்றார் இன்ஸ்பெக்டர், கண்கள் பளபளக்க. "அறு!"

கான்ஸ்டபிள் முடிச்சை அவிழ்க்கும் பொறுமை இல்லாதவர். கயிற்றைப் பாதியில் அறுத்து நான்கையும் மேடையில் போட்டு, வயிற்றில் கத்தியை இறக்கினார். நான்கும் ஆளுக்கொரு பெருமூச்சு விட்டன. உள்ளே இருந்தது காற்று. அதுவும் பழைய காற்று.

"அப்போ விழுங்கிட்டான்" என்று இன்ஸ்பெக்டர் முடிவுகட்டினார். "சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே. அதுல இல்லைன்னா லாக்கப். லைசென்ஸை எடுங்க இவன்கிட்ட."

சுக்கான் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினார். வழக்கு நிற்குமோ விழுமோ, அது வேறு. திருட்டுக் கேஸில் பேர் அடிபட்ட படகோட்டியை இந்தத் துறையில் யாரும் இனி ஒரு துடுப்பைக்கூடத் தொடவிடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

மாலை நாலரை.

மிதவை மேடையின் பலகைகள் அதிர, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள் வந்தார். தையல்காரர் மாதிரி கழுத்தில் அளவு நாடா. படகு இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர். எவ்வளவு பெரிய சேதத்தைக் காட்டினாலும் தலையைச் சாய்த்து, "கொஞ்சம் குறைச்சலாத் தெரியுதே" என்பார். அதனால் துறையில் அவருக்குப் பெயர் குறைச்சலம்மா.

"கீறல் எங்கே?" என்றார்.

"கீறலா?" என்று இன்ஸ்பெக்டர் திரும்பினார். உடனே குரல் இறங்கியது. "அக்கா! நீ எங்கே இங்கே?"

"டேய் தம்பி, நீயா? படகுல கீறல் விழுந்திருக்குன்னு மூணு இருபத்தஞ்சுக்குப் போன் வந்தது. பார்க்க வந்தேன்."

"ஊர் முன்னாடி டேய் சொல்லாதேன்னு எத்தனை வாட்டி... இங்கே நாற்பது லட்சம் முத்து போயிருக்கு. நீ கீறலைத் தூக்கிட்டு வர்றே."

"முத்துக்கும் எங்க கம்பெனி பாலிசிதான்டா. வர்ற வழியிலேயே மேனேஜர் போன்ல அழுதாச்சு. ஆனா என்கிட்ட இருக்கிற சீட்டுல கீறல்னுதான் எழுதியிருக்கு. சீட்டுல இருக்கிறதை முதல்ல பார்ப்போம். யாரு போன் பண்ணது?"

"நான்தாங்கம்மா" என்றார் சுக்கான்.

குறைச்சலம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பொருளைத் திருடிட்டு, படகுக்கு ஆள் வரச்சொல்லிப் போன் போட்ட திருடனை இப்பதான் பார்க்கிறேன்."

"புத்திசாலித் திருடன்" என்றார் வியாபாரி.

"இருக்கலாம். புத்திசாலிக்குக் கீறல் எப்படி விழுந்தது? இன்னைக்குக் காத்தே இல்லையே."

கீறல் படகின் இடப்பக்கம், தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு முழத்துக்குக் குறையாமல் ஓடியது. வெள்ளைப் பெயின்ட்டுக்கு நடுவே மிதவை மேடையின் விளிம்பு ரப்பர் கறுப்பாய் ஒட்டியிருந்தது. அந்த அம்மாள் குத்தவைத்து உட்கார்ந்து நாடாவைப் பிடித்தார்.

"எத்தனை வருஷமா ஓட்டறீங்க?"

"இருபத்திரண்டு."

"இதுக்கு முன்னாடி கீறல்?"

"இல்லைங்கம்மா."

"அப்போ இன்னைக்கு என்ன, தலகாணி போட மறந்துட்டீங்களா?"

சுக்கான் ஓரக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். குறைச்சலம்மா அந்த ஓரக்கண்ணைக் கவனித்தார். சிறு வயதில் அம்மாவோடு துணிக்கடைகளுக்குப் போய் வளர்ந்தவர் அவர். எந்தப் புடவையை விற்கக் கடைக்காரனுக்கு ஆசை என்பது அவன் வாயில் தெரியாது, கண்ணில்தான் தெரியும்.

மேடையில் கிடந்த ஒரு ஃபெண்டரைத் தூக்கினார். வயிறு கிழிந்து தொங்கியது. "இது யாரு வேலை?"

"விசாரணைக்காக..." என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாலும் புதுசுடா பாவி." வைத்துவிட்டுக் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் பச்சையாய் மாவு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. கைக்குட்டையில் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சரி, கதையைச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா."

வியாபாரி முதலில் சொன்னார். எதிர்க்கரையில் நகைக் கண்காட்சி. முத்து ஒரு மாதம் கண்ணாடிக்குள் காவலோடு இருந்தது. இன்று அதிகாரிகள் தங்கள் கையாலேயே பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஒன்றரைக்குப் படகு கிளம்பியது. முன் கேபினில், தலையணைக்கு அடியில் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் தூங்கிவிட்டார். புழுக்கம்; கதவைப் பூட்டவில்லை.

"கரை வர வரைக்கும் தூக்கமா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி. கடல்ல எனக்கு அப்படித்தான்."

பேசும்போது வலது கை, இடது மணிக்கட்டில் இருந்த சிறு முத்துச் சரத்தை உருட்டிக்கொண்டே இருந்தது. குறைச்சலம்மா ஆசையாகக் குனிந்தார். "நல்லா இருக்கே. என்ன விலை?"

வியாபாரியின் முகத்தில், அந்தத் துக்கத்திலும், கடை திறந்தது. "உங்களுக்குன்னா ஆறாயிரம்."

"கொஞ்சம் குறைச்சலாத் தெரியுதே, முத்தெல்லாம்."

"குறைச்சலா? நானே கோத்தது அம்மா! முதலாளி ஆகறதுக்கு முன்னாடி பத்து வருஷம் கோக்கிற வேலைதான். பாருங்க, முத்துக்கு முத்து ஒரு முடிச்சு. நூல் அறுந்தாலும் ஒண்ணுதான் விழும், மத்தது நிக்கும்."

குறைச்சலம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முத்தின் முதுகிலும் சின்னஞ்சிறு முடிச்சு ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நகத்தால் தள்ளித் தள்ளி இறுக்கிய முடிச்சு. வியாபாரியின் விரல்கள் சீராக வெட்டிய நகங்களோடு இருந்தன. இடது கட்டைவிரல் நகம் மட்டும் நீளமாக வளர்த்து, நுனி ஒடிந்திருந்தது.

"நாலாயிரம்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் குறைச்சலம்மா நிமிர்ந்தார்.

அடுத்து மாப்பிள்ளை.

"நடுக்கடல்ல இன்ஜின் நின்னு போச்சுங்க. பின்னாடி ஒரு குழி இருக்கே, இன்ஜின் இருக்கிற இடம், அதுக்குள்ள சுக்கான் இறங்கினார். லைட் பிடிக்க ஆள் வேணும்னார். குழிக்குள்ள லைட் அடிச்சுப் பார்க்கிறது எனக்குப் பழக்கம்தானே."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷத்துக்கு மேலேயே இருக்கும். ரெண்டு பேரும் உள்ளேயே இருந்தோம். டீசல் நாத்தம், அதை வெளியே தள்ள ஒரு காத்தாடி வேற ஹோன்னு கத்துது. என் வயிறு என்கிட்ட இல்லை."

"அதுதான் பாயின்ட்!" என்றார் இன்ஸ்பெக்டர். "இவருக்கு அவர் சாட்சி, அவருக்கு இவர் சாட்சி. ரெண்டு பேரும் கூட்டு."

"மாப்பிள்ளையைச் சொல்லாதீங்க சார், அவர் தங்கம்" என்றார் வியாபாரி அவசரமாக. "குழிக்குள்ள போறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ இவன் வந்திருப்பான்."

"இன்ஜின் ஏன் நின்னுது?" குறைச்சலம்மா சுக்கானிடம் கேட்டார்.

"ஃபில்டர்ல அழுக்குன்னு நினைச்சேன். கழட்டினா சுத்தமா இருக்கு. திரும்பப் பூட்டி, குழாயில புகுந்த காத்தை வெளியே எடுத்து எல்லாம் பார்த்தேன். கடைசியில, நான் முன்னாடி போய்ப் பார்க்கிறேன், டீசல் வால்வு மூடியிருக்கு. அதிர்வுல தானா திரும்பியிருக்கும்னு திறந்துவிட்டேன்."

"வால்வு எங்கே இருக்கு?"

"முன் கேபின் படிக்கட்டுக்குக் கீழே. முதலாளி அப்பவும் போர்த்திக்கிட்டுத் தூங்கிட்டுத்தான் இருந்தார்."

"பார்த்தீங்களா, கேபினுக்கு வந்திருக்கான். அவனே ஒத்துக்கிட்டான்!" என்றார் வியாபாரி.

குறைச்சலம்மா காதில் வாங்காதவர் போல இருந்தார். "கடல்ல வேற ஏதாவது படகைப் பார்த்தீங்களா?"

"இன்ஜின் ஸ்டார்ட் ஆனப்புறம் தூரத்துல ஒரு தண்ணி போட் போய்ட்டிருந்தது. வேற ஒண்ணுமில்லை."

தண்ணீர்ப் படகு என்பது வெளியே நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் குடிநீர் கொண்டுபோகும் உயரமான படகு. துறையின் அந்தக் கோடியில் இரண்டு நின்றன. இரண்டும் வெயிலில் பெயின்ட் உதிர்ந்த பச்சை.

குறைச்சலம்மா படகில் ஏறினார். கைப்பிடிக் கம்பியில், கான்ஸ்டபிள் அறுத்தது போக, நான்கு முடிச்சுகளும் கயிற்று மிச்சமும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது முடிச்சருகே வெகுநேரம் நின்றார். பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்தார். எதையோ எடுத்துக் காகிதத்தில் மடித்தார். பிறகு கிழிந்த ஃபெண்டரின் கயிற்று நுனியையும் கம்பியில் தொங்கிய நுனியையும் சேர்த்துப் பிடித்து, கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு நாடாவின் மறுமுனையைக் கொடுத்தார்.

"கீழே எவ்வளவு?"

"ஃபெண்டரோட அடி மேடை விளிம்பைவிட ரெண்டு சாண் மேலே நிக்குதும்மா."

"நாலும்?"

நான்கையும் அளந்தார்கள். நான்கும் ஒரே உயரம். தராசில் நிறுத்தது போல.

"அதான் கீறல்" என்றார் குறைச்சலம்மா. "தலகாணி மேலே தொங்குது, மேடை அதுக்குக் கீழே புகுந்து உடம்பை உரசியிருக்கு. சுக்கான், இப்படியா கட்டுவீங்க நீங்க?"

சுக்கான் மறுபடி தலையைக் குனிந்தார்.

"வாயைத் திறங்க. லைசென்ஸ் போற நேரத்துல என்ன வெட்கம்?"

"நான் கட்டலைங்கம்மா" என்றார் மெதுவாக. "மாப்பிள்ளை கட்டினது."

"நானா!" மாப்பிள்ளை துள்ளினார். "நான் எப்போ கட்டினேன்? அது எப்பவும் அங்கேதானே தொங்கும்?"

"ஓடும்போது தொங்காதுங்க. கரை கிட்ட வரும்போதுதான் எடுத்துப் போடுவோம். தலகாணியைத் தொங்கவிட்டுக்கிட்டே ஓட்டினா துறையில சிரிப்பாங்க, பித்தானைப் போடாம கடைத்தெருவுல நடக்கிற மாதிரி. நான் குழியைவிட்டு ஏறி வர்றப்போ நாலும் தொங்கிட்டிருந்தது. எனக்கு முன்னாடி ஏறி வந்தது நீங்க. நீங்கதான் ஆசைப்பட்டுக் கட்டியிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"நான் ஏறி வந்ததும் அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன்யா!"

"ரொம்ப உயரம்னு பார்த்ததுமே தெரிஞ்சதுதானே?" என்று குறைச்சலம்மா சுக்கானைக் கேட்டார். "ஏன் அவிழ்த்துக் கட்டலை?"

"முதலாளி வீட்டு மாப்பிள்ளை கட்டின முடிச்சு. அவர் கண்ணு முன்னாடியே அவிழ்த்து, இது தப்புன்னு திரும்பக் கட்டினா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் நெருங்கி வந்து சமாளிச்சுடலாம்னு பார்த்தேன். சமாளிக்க முடியலை."

ஒருவர் அறியாமையால் கேட்கவில்லை. இன்னொருவர் மரியாதையால் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு முத்து போய்விட்டிருந்தது.

குறைச்சலம்மா தம்பியை ஓரமாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. வயர்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு மேடையின் கோடிக்கு நடந்தார்.

"என்னம்மா ரகசியம்?" என்றார் வியாபாரி. "திருடனை வெச்சுக்கிட்டுக் கயிறு அளந்துட்டிருக்கீங்க."

"கயிறுதாங்க திருடனைச் சொல்லுது." குறைச்சலம்மா கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தார். "இந்தத் தலகாணிக்கு ஒரே ஒரு சட்டம். எது வந்து உரசப்போகுதோ, அதோட உயரத்துக்குக் கட்டணும். மிதவை மேடை தாழ்வு. அதுக்குக் கட்டினா தண்ணியைத் தொட்டும் தொடாமலும் தொங்கணும். இது இவ்வளவு உயரத்துல இருக்குன்னா, தெரியாதவன் கட்டினதுன்னு நீங்க சொல்வீங்க. தெரியாதவன் நாலையும் ஒரே உயரத்துல கட்டமாட்டான். ஒண்ணு மேலே, ஒண்ணு கீழேன்னு பல் வரிசை கெட்ட மாதிரி இருக்கும், இல்லையா டாக்டர்?"

"ஆமாங்க" என்றார் மாப்பிள்ளை தன்னையறியாமல்.

"அப்போ தெரிஞ்சுதான் கட்டியிருக்கு. மேடைக்காகக் கட்டலை. உயரமான இன்னொரு படகு பக்கத்துல வந்து அணையறதுக்காகக் கட்டியிருக்கு. நடுக்கடல்ல. இன்ஜின் நின்ன அந்த இருபது நிமிஷத்துல. இடிச்சா குழிக்குள்ள இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும். தலகாணி இருந்ததால இடிக்கலை, காத்தாடி கத்தினதால சத்தமும் கேட்கலை."

"வேற படகா? கற்பனை!" என்றார் வியாபாரி.

குறைச்சலம்மா கைக்குட்டையை விரித்துக் காட்டினார். "இந்தப் படகு வெள்ளை. மேடை ரப்பர் கறுப்பு. தலகாணி மேலே பச்சை மாவு எங்கேயிருந்து வந்தது? தண்ணி போட்லேர்ந்து. எங்க தம்பி நாலையும் கிழிச்சு உள்ளே பார்த்தான். வெளியே பார்க்கலை."

கான்ஸ்டபிள் இருமினார்.

"சரி, யாரு கட்டினது? சுக்கானும் டாக்டரும் குழிக்குள்ள. ஒருத்தருக்கொருத்தர் கூட்டுன்னு வெச்சாலும், கூட்டு சேர்ந்தவங்க கதையை ஒத்திகை பார்த்திருப்பாங்க. நீதான் கட்டினே, நானா கட்டினேன்னு போலீஸ் முன்னாடியா சண்டை போடுவாங்க? படகுல மிச்சம் ஒருத்தர்."

"நான் தூங்கிட்டிருந்தேன்!"

"உங்க படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற வால்வு உங்களை எழுப்பாமலே மூடிக்கிச்சு. ஆனா முடிச்சு தூங்கலைங்க. சுக்கான் போடற முடிச்சு இழுத்தா அவிழும். டாக்டர் கட்டினா ஷூ லேஸ் மாதிரி இருக்கும். இங்கே நாலு முடிச்சுக்குப் பின்னாடியும் ஒட்டிக்கிட்டு இன்னொரு குட்டி முடிச்சு, நகத்தால தள்ளி இறுக்கினது. படகுக்காரன் எவனும் போடமாட்டான். முத்துக்கு முத்து போடறவர்தான் போடுவார். பத்து வருஷக் கை, கயிறு பெருசுன்னு பார்க்கலை. அப்படி இறுகின முடிச்சை அவசரத்துல அவிழ்க்கவும் முடியலை, தொங்கவிட்டுட்டுப் போய்ப் படுத்துட்டார்."

வியாபாரி மணிக்கட்டை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"முடிச்சு எவன் வேணா போடுவான்."

"போடலாம்." குறைச்சலம்மா காகித மடிப்பைப் பிரித்தார். உள்ளே பிறைபோல் ஒரு நகத் துண்டு. "மூணாவது முடிச்சுக்குள்ள மாட்டியிருந்தது. பட்டு நூலுக்கு வளர்த்த நகம், நைலான் கயிறு தாங்கலை. உங்க கட்டைவிரலைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். "மாமா..." என்றார்.

"அவரோட பொருளை அவரே எதுக்கும்மா திருடணும்?" என்று கேட்டது சுக்கான்தான்.

"திருடலைங்க, வித்தார். ஒரே பொருளை ரெண்டு வாட்டி. ஒரு வாட்டி தண்ணி போட்ல வந்தவருக்கு, இன்னொரு வாட்டி எங்க கம்பெனிக்கு. கண்காட்சிக்கு முன்னாடி வித்திருக்க முடியாது, அதிகாரிங்க பார்த்துட்டாங்க. கரைக்கு வந்தப்புறமும் முடியாது, பாலிசி கடல் பயணத்துக்கு மட்டும்தான். கால் தரையில பட்டா காலி. அதனாலதான் இறங்கறதுக்கு முன்னாடியே பெட்டியைத் திறந்து கத்தினார். தூக்கிப் போட்டுப் பிடிக்கிற சரக்கும் இல்லை இது. வாங்கறவன் கையில வாங்கி, வெளிச்சத்துல திருப்பிப் பார்க்காம ஒரு கத்தரிக்காய்கூட வாங்கமாட்டான். அதுக்குத்தான் படகும் படகும் ஒட்டி நிக்கணும், பொறுமையா."

"பழி விழ ஒரு ஆளும் வேணும்" என்றார் மாப்பிள்ளை. குரல் மாறியிருந்தது.

வியாபாரி சுற்றிலும் பார்த்தார். பேரம் படியாதபோது எழுந்து போய்விடுவதுதான் அவர் தொழில் வழக்கம். இங்கே எழுந்து போக வழி இல்லை. மேடையின் கோடியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, ரோந்துப் படகு மடக்கிடுச்சு. தண்ணி போட்ல தண்ணியே இல்லையாம். கோட்டு போட்ட ஆள் ஒருத்தர் இருந்தார். முத்து அவர் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள."

மாலை ஆறு.

வியாபாரியை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது, "மாப்பிள்ளை, வக்கீலுக்குச் சொல்லுங்க" என்றார். மாப்பிள்ளை தலையசைத்தார், அவர் முகத்தைப் பார்க்காமலேயே. வீட்டில் மனைவியிடம் இதை எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்ற யோசனையில் இருந்தார்.

இன்ஸ்பெக்டர் லைசென்ஸை நீட்டினார். சுக்கான் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு அங்கேயே நின்றார்.

"போகலாம் நீங்க" என்றார் குறைச்சலம்மா.

"கீறல் பாக்கி இருக்கே அம்மா. எழுதிக்கலையா?"

"எழுதியாச்சு. முதலாளி கட்டினது, முதலாளி தப்பு. கையெழுத்து மட்டும் போடுங்க."

சுக்கான் பேனாவை வாங்கவில்லை. "அப்படி எழுதாதீங்க. கட்டினது அவர். ஆனா தப்பா இருக்குன்னு பார்த்தது நான். பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டுக் கொண்டுவந்து உரசினதும் நான். படகை ஓட்டினவன் கணக்குலதான் கீறல் வரணும்."

"யோசிச்சுச் சொல்லுங்க. உங்க தப்புன்னா கம்பெனி பாதிதான் தரும். மிச்சம் யாரு தருவா?"

"பெயின்ட் நானே அடிச்சுடறேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கீறல். அது யாரோடதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

குறைச்சலம்மா வாழ்நாளில் முதல்முறையாக, ஒருவர் கேட்டதைக் குறைக்க மனமில்லாமல் நின்றார். பிறகு எழுதியதை அடித்தார். அவர் சொன்னபடியே எழுதினார். சுக்கான் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம்தான் அவர் முகத்துக்கு இரத்தம் திரும்பியது.

"வாங்க டாக்டர், வீட்டுப் பக்கத் துறையில இறக்கி விடறேன்" என்றார். "காத்தில்லை. வாந்தி வராது."

"தலகாணி இல்லையே?"

"பழைய டயர் ரெண்டு இருக்கு. கட்டறது எப்படின்னு நீங்களும் பார்த்துக்குங்க."

அந்த நாளின் கணக்கைக் குறைச்சலம்மா இரவு உட்கார்ந்து முடித்தார். முத்து: நாற்பது லட்சம் கேட்கப்பட்டது, கொடுத்தது ஒன்றுமில்லை. கீறல்: பாதி கம்பெனி, பாதி சுக்கான், கணக்கு நேர். ஃபெண்டர் நான்கு, புதியது, கிழித்தவர் துறைமுக இன்ஸ்பெக்டர்: முழுத் தொகையும் பாக்கி.

அந்தப் பாக்கி இன்னும் வரவில்லை. தம்பி அக்கா வீட்டுப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டுவிட்டார்.